வாய் அடைத்த அலாரம்

படகில் அலாரத்தின் வாயை அடைத்துவிட்டார்கள் என்று என் தங்கை போனில் சொன்னபோது, நான் டிப்போவில் ஒரு டவுன் பஸ்ஸின் அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். ஒரு கையில் செல்ஃப் மோட்டார் வயர் இருந்தது. இன்னொரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"எதை வச்சு அடைச்சாங்க?"

"வலையில கட்டுற மிதவை இருக்குல்லண்ணே, அதை அறுத்து உள்ள சொருகி, மேல டேப்பைச் சுத்திட்டாங்க. இப்ப கொசு கத்துற மாதிரிதான் கேக்குதாம். உங்க மாப்பிள்ளை அதைப் பெருமையா வேற சொல்றாரு."

"அலாரம் எதுக்குக் கத்துதுன்னு பாத்தாங்களா?"

"அதைப் பாக்கத்தான் உங்களைக் கூப்புடுறேன்."

எங்கள் குடும்பம் கந்தர்வக்கோட்டைப் பக்கம். முந்திரித் தோப்பும் மானாவாரி நிலமும் தவிர வேறு தெரியாது. தங்கையை மட்டும் கோட்டைப்பட்டினத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளை மீன்பிடிப்பவர். அவரிடம் ஒரு ஃபைபர் நாட்டுப்படகு இருக்கிறது. நடுவில் மரப்பெட்டிக்குள் டீசல் இன்ஜின், முன்பக்கம் பாய்மரம். காற்று வாகாக இருந்தால் பாயை விரித்து டீசலை மிச்சம் பிடிப்பார்கள். மற்ற நேரம் இன்ஜின்தான்.

இன்ஜினோடு ஒரு சின்ன போர்டும் வந்திருந்தது. ஒரு சாவி, இரண்டு சிவப்பு விளக்குகள், ஒரு பஸ்ஸர். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் ஒரு விளக்கு எரிய வேண்டும், சூடு ஏறினால் இன்னொன்று. எது நடந்தாலும் பஸ்ஸர் கத்தும். அந்த இரண்டு விளக்குகளையும் உப்புக் காற்று தின்று நாளாகிவிட்டது. மிஞ்சியது சத்தம் மட்டும். எதற்காகக் கத்துகிறது என்று சொல்ல அதற்குத் தெரியாது.

ஒரு மாதமாக நடுக்கடலில் அது கத்திக்கொண்டிருந்தது. முதல் தடவை பயந்துபோய் இன்ஜினை நிறுத்தியிருக்கிறார்கள். எண்ணெய் சரியாக இருந்தது. கரைக்கு வந்து எண்ணெயை மாற்றினார்கள். மறுபடி கத்தியது. மெக்கானிக் ஒருவர் வந்து மீட்டர் வைத்துப் பார்த்து, அழுத்தம் அருமையாக இருக்கிறது என்றார். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. இன்ஜின் நல்லது, அலாரம்தான் பொய் சொல்கிறது என்று முடிவாயிற்று.

தங்கைக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒருவர். போன வருஷம் அவருடைய படகு இன்ஜின் கடலில் இறுகி நின்றுவிட்டது. கரையிலிருந்து வீசிய காற்று படகைத் தள்ளிக்கொண்டுபோய் கடல் எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டது. எதிர்க்கரை நாட்டு ரோந்துப் படகு வந்து பிடித்தது. ஆள் மாதக்கணக்கில் சிறையில் இருந்து திரும்பினார். படகு திரும்பவே இல்லை.

"எனக்குக் கடல் பயம் கெடையாதுண்ணே. காத்துப் பயமும் கெடையாது. இன்ஜின் நின்னு போச்சுன்னா என்ன பண்றது? அது ஒண்ணுதான்" என்றாள்.

வார விடுமுறை அன்று காலை முதல் பஸ்ஸில் போனேன். பையில் மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், ஸ்லீவ், டேப், கட்டர் எல்லாவற்றையும் எப்போதும் வைக்கும் வரிசையில் வைத்திருந்தேன். கரையில் மாப்பிள்ளையும், அவரோடு எப்போதும் கடலுக்குப் போகிற ஒருவரும் காத்திருந்தார்கள். இன்ஜினைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். வயதில் மூத்தவர், அதனால் எல்லோருக்கும் டிரைவரண்ணன்.

டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் படகின் ஓரத்தில் இருந்த ஒரு போல்ட்டில் மாட்டி, முனையை பேட்டரி வயரில் வைத்தேன். விளக்கு எரியவில்லை. வேறு போல்ட்டில் மாட்டினேன். அதிலும் எரியவில்லை.

"மாப்ள, பேட்டரி செத்துப்போச்சு" என்றேன்.

டிரைவரண்ணன் சாவியைத் திருப்பி இன்ஜினை ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்து காட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பஸ்ஸில் எந்த இரும்பைத் தொட்டாலும் அது பேட்டரியின் மைனஸ்தான். வண்டியின் உடம்பே ஒரு வயர். இது ஃபைபர். அந்த போல்ட் பிளாஸ்டிக்கில் நட்டுவைத்த ஆணி மாதிரி, எதோடும் சேராதது. இத்தனை வருஷப் பழக்கம் கையை அங்கே கொண்டுபோய்விட்டது.

"மச்சான், இது பஸ்ஸு இல்ல. விசில் அடிச்சாலும் நிக்காது" என்றார் மாப்பிள்ளை.

"டிக்கெட்டும் கெடையாது. ஏறுனா நடுவுல எறங்கவும் முடியாது. பாத்துக்கங்க" என்றார் டிரைவரண்ணன்.

கிளிப்பை இன்ஜின் இரும்பில் மாட்டியதும் விளக்கு எரிந்தது. பிறகு ஒழுங்காகப் பார்த்தேன். சாவியைத் திருப்பினால் அடைத்த வாய்க்குள்ளிருந்து பஸ்ஸர் முனகியது. அது முனகத்தான் வேண்டும், ஓடாத இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் இருக்காது. இன்ஜின் பிடித்ததும் நின்றது. அதுவும் சரி. கரையில் ஒரு குறையும் இல்லை.

"கடல்ல போயி, வேகம் குடுத்தாத்தான் கத்தும்" என்றார் மாப்பிள்ளை. "நேத்துப் போட்ட நண்டு வலையை இப்ப எடுக்கப் போறோம். வாரீங்களா?"

நான் கடலில் போனதே இல்லை. தங்கை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாரேன் என்றேன்.

அது கச்சான் வீசும் காலம். கச்சான் மேற்கிலிருந்து வரும் காற்று. எங்கள் கரையில் அது நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளும். போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் சுகமாக இருந்தது. பாயை விரித்து, இன்ஜினையும் மெதுவாக ஓடவிட்டுப் போனோம். கரை ஒரு கோடாகி, அப்புறம் அதுவும் மறைந்தபோது என் வயிறு கலங்க ஆரம்பித்தது. டிரைவரண்ணன் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து மோந்துகொண்டே இருக்கச் சொன்னார். படகில் சின்ன ஜி.பி.எஸ். ஒன்று இருந்தது. அதில் எல்லை ஒரு கோடாகத் தெரிந்தது.

முதல் வலையை எடுத்து முடித்தார்கள். அடுத்த வலைக்குப் போக மாப்பிள்ளை வேகம் கொடுத்தார். பஸ்ஸர் முனகியது.

"கேக்குதா? இதேதான்" என்றார் மாப்பிள்ளை. அவர் முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வேகத்தைக் குறைக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இன்ஜின் பெட்டியைத் திறந்து குனிந்தேன். டீசல் நெடியும் வெக்கையும் முகத்தில் அடித்தன. எலுமிச்சம்பழம் எங்கோ உருண்டு போயிற்று. எண்ணெய்க்கு ஒரு சுவிட்ச், சூட்டுக்கு ஒரு சுவிட்ச். இரண்டும் இன்ஜினில் திருகியிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் போர்டுக்குப் போகிறது. ஆபத்து வந்தால் சுவிட்ச் அந்த வயரை இன்ஜின் இரும்போடு சேர்க்கும். சேர்ந்ததும் பஸ்ஸர் கத்தும். ஆகவே ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தால் போதும். எந்த வயரைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறதோ அந்த சுவிட்ச்தான் கூப்பிடுகிறது.

எண்ணெய் வயரைக் கழற்றினேன். முனகல் நிற்கவில்லை. அதை மாட்டிவிட்டுச் சூட்டு வயரைக் கழற்றினேன். அப்போதும் நிற்கவில்லை.

அப்படியென்றால் இரண்டு சுவிட்சும் கூப்பிடவில்லை. வழியில் எங்கோ வயர் இரும்பைத் தொடுகிறது. போர்டு வரைக்கும் வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். இரண்டு வயர்களையும் சேர்த்து, இன்ஜினுக்கு வரும் டீசல் செம்புக்குழாயோடு ஒரு சாண் இடைவெளியில் கட்டியிருந்தார்கள். வலை பின்னும் நைலான் நரம்பால் போட்ட கட்டு. ஒவ்வொரு முடிச்சும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருந்தது. மூன்றாவது முடிச்சை நகத்தால் லேசாகத் தூக்கினேன். முனகல் நின்றது. விட்டேன். முனகியது. தூக்கினேன், நின்றது.

நரம்பு ரப்பரை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. செம்புக்கம்பி குழாயை உரசிப் பளபளவென்று தெரிந்தது. இன்ஜின் வேகம் எடுத்து அதிரும்போதெல்லாம் கம்பி குழாயைத் தொட்டிருக்கிறது. குழாய் இன்ஜினோடு சேர்ந்தது. அவ்வளவுதான் விஷயம்.

"இதை யாரு கட்டுனது?"

டிரைவரண்ணன் வானத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை, "ஏன், நல்ல கட்டுத்தானே? இத்தனை மாசத்துல ஒரு முடிச்சு நெகிழ்ந்திருக்கா?" என்றார்.

"நெகிழ்ந்திருந்தா நல்லாருந்திருக்கும் மாப்ள. வலைக்குப் போடுற முடிச்சை வயருக்குப் போட்டிருக்கீங்க. இழுக்க இழுக்க இறுகுது. வயரு என்ன மீனா, தப்பிச்சு ஓட?"

"கட்டுன கட்டு அப்புடி!" என்று டிரைவரண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "இவரு கல்யாணத்துல தாலி கட்டும்போதே நான் பக்கத்துல நின்னு பாத்தேன். முடிச்சுப் போட்டுட்டு ரெண்டு இழுப்பு இழுத்துப் பாத்தாரு."

இன்ஜினை நிறுத்தச் சொல்லி, எல்லா முடிச்சுகளையும் வெட்டினேன். ரப்பர் அறுந்த இடத்தில் உறை மாதிரி ஸ்லீவ் போட்டு, டேப் சுற்றி, வயரைக் குழாயிலிருந்து பிரித்து மரப்பலகை ஓரமாகப் பழைய துணிக் கிழிசலால் தளரக் கட்டினேன். பஸ்ஸர் வாயில் இருந்த மிதவைத் துண்டையும் பிடுங்கினேன். மாப்பிள்ளை அது இருக்கட்டுமே என்று பார்த்தார். நான் கேட்கவில்லை. மறுபடி வேகம் கொடுத்துப் பார்த்தோம். சத்தமே இல்லை. 

இரண்டாவது வலை இன்னும் கிழக்கே, கடல்புல் அடர்ந்த இடத்தில் கிடந்தது. நண்டு அந்தப் புல்லுக்குள்தான் மேயும். பாயைச் சுருட்டிவிட்டு, இன்ஜினை வைத்து மெதுவாக நகர்ந்து நகர்ந்து வலையை இழுத்தார்கள். நண்டோடு கூடை கூடையாகப் புல்லும் வந்தது. கடைசி முழத்தை ஏற்றிவிட்டு, மாப்பிள்ளை படகை மேற்கே திருப்பி வேகம் கொடுத்தார். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பஸ்ஸர் அலறியது. வாய் திறந்திருந்ததால் காதைப் பிளக்கிற மாதிரி இருந்தது.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"மச்சான், ஒங்க டேப்பு பிச்சுக்கிச்சு" என்றார் மாப்பிள்ளை.

எனக்கும் அதுதான் தோன்றியது. ஈரக் கையோடு சுற்றிய டேப், ஒட்டியிருக்காது என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்தேன். டேப் சுற்றியபடியே இருந்தது. அழுத்திப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன். அலறல் நிற்கவில்லை. வேறு எங்கோ இன்னொரு முடிச்சு அறுத்திருக்குமோ என்று போர்டு வரைக்கும் தடவினேன். ஒன்றும் இல்லை. தலைக்கு மேல் சத்தம் கத்திக்கொண்டே இருந்தது. டிரைவரண்ணன் குனிந்து, நரம்பு வெட்டும் கத்தியை என் கையில் திணித்தார்.

"வெட்டி விடுங்க. கரைக்குப் போயி ஆற அமரப் பாத்துக்கலாம். மண்டைய பொளக்குது."

கத்தியை வாங்கிக்கொண்டேன். வெட்டியும் இருப்பேன். ஆனால் ஒரு பஸ்ஸில் குறை தேடும்போது முதல் சோதனையை மறுபடி செய்யாமல் நான் எதையும் வெட்டியதில்லை. அந்தப் பழக்கம் கையை நிறுத்தியது. எண்ணெய் வயரைக் கழற்றினேன். அலறல் தொடர்ந்தது. மாட்டிவிட்டு, சூட்டு வயரைக் கழற்றினேன்.

சத்தம் நின்றது.

வயரை மறுபடி சுவிட்சில் வைத்தேன். அலறியது. எடுத்தேன். நின்றது. இந்தத் தடவை அந்த சுவிட்ச்தான் கூப்பிடுகிறது.

"மாப்ள, இன்ஜினை நிறுத்துங்க."

"என்ன?"

"நெசமாவே சூடு ஏறிருக்கு. நிறுத்துங்க."

"இவ்வளவு நேரம் வயருன்னீங்க!"

"அது வேற. இது வேற. நிறுத்துங்க மாப்ள."

மாப்பிள்ளை நிறுத்தவில்லை. கை கியர் லீவரிலேயே இருந்தது. "மச்சான், எங்க நிக்கிறோம் தெரியுமா? கச்சான் அடிக்குது. இங்க நிறுத்துனா காத்து எங்கிட்டுத் தள்ளும்னு தெரியுமா?" என்று ஜி.பி.எஸ்.ஸை விரலால் தட்டிக் காட்டினார். "ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் கரைக்குப் போயிறலாம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு மாதமாக இந்தச் சத்தத்தோடுதான் கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். நான்தான் அரைமணி நேரத்துக்கு முன்னால் அது பொய் என்று அவருக்கு நிரூபித்தேன். இப்போது நானே நம்பச் சொல்கிறேன்.

"பின்னாடி பாருங்கண்ணே. பொகையோட தண்ணி வருதா?" என்று டிரைவரண்ணனிடம் கத்தினேன். பெட்டிக்குள் குனிந்திருந்தபோதுதான் கவனித்திருந்தேன், கடல்தண்ணீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிரவைக்கிற படகு இது. சூடான அந்தத் தண்ணீரைப் புகைக்குழாய் வழியாகத் துப்ப வேண்டும்.

டிரைவரண்ணன் பின்பக்கம் கவிழ்ந்து பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"வெறும் பொகைதான்டா. சொட்டுத் தண்ணி இல்ல. நிறுத்து!"

மாப்பிள்ளை நிறுத்தும் கம்பியை இழுத்தார். இன்ஜின் அடங்கியது. சாவியை மட்டும் அணைக்க வேண்டாம் என்றேன். நின்ற இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் இருக்காது, அதற்காகவும் பஸ்ஸர் கத்தும். அதனால் எண்ணெய் வயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சூட்டு வயரை மாட்டினேன். இனி கத்துவது சூட்டுக்காக மட்டும்தான். கத்தியது.

படகு பக்கவாட்டில் திரும்பிக் கிழக்கே மிதந்து நகர ஆரம்பித்தது. காற்றை எதிர்த்து மேற்கே பாய் ஓட்ட அந்தப் படகால் முடியாது. ஆனால் குறுக்கே ஓட முடியும். டிரைவரண்ணன் பாயை விரித்துப் படகை வடக்கே திருப்பினார். எல்லைக் கோட்டை நோக்கிப் போவதற்குப் பதிலாக, அதற்கு இணையாக ஓடினோம். அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே சாய்ந்துகொண்டுதான் இருந்தோம்.

மாப்பிள்ளை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். டிரைவரண்ணன் பாயைத் தளர்த்திப் படகின் ஓட்டத்தைக் குறைத்ததும் குதித்தார். படகின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் ஓட்டை இருக்கிறது. கயிற்றைப் பிடித்திருந்த என் கைகளில் அவர் அடியில் புரளுவது தெரிந்தது. மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முங்கினார். இரண்டாவது தடவை வந்தபோது கை நிறையக் கடல்புல். அதற்குள் சுருண்டு, ஒரு பாலித்தீன் பை.

"தொண்டையில வெத்தலை மாதிரி அடக்கி வச்சிருக்கு" என்று மேலே ஏறினார். உள்ளே இருந்த சல்லடையையும் திறந்து அதிலிருந்த புல்லை வழித்துப் போட்டார். "ஸ்டார்ட் பண்றேன்."

"வேண்டாம். இன்னும் கத்துதே."

"அடைப்பை எடுத்தாச்சுல்ல?"

"இரும்பு கொதிக்குது மாப்ள. இப்ப ஓடவிட்டா பச்சைத் தண்ணி போயி அதுல விழும். வெடிப்பு விட்டுச்சுன்னா அப்புறம் இன்ஜினே இல்ல. அதுவா நிக்கட்டும். நின்னாத்தான் ஆறிருச்சுன்னு அர்த்தம்."

அவர் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்தார். டிரைவரண்ணனைப் பார்த்தார். டிரைவரண்ணன் பாய்க்கயிற்றை இடுப்போடு அணைத்துப் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் தாங்கும்" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

காத்திருந்தோம். அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பது பல்லைப் பிடுங்குவதுபோல் இருந்தது. கிழக்கே தூரத்தில் ஏதோ ஒரு படகு தெரிந்தது. நம்ம படகா அவங்க படகா என்று மாப்பிள்ளை நெற்றியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னிடம் அதைச் சொல்லவில்லை. டிரைவரண்ணனும் அவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். நான் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை சுவிட்சே கெட்டுப்போய், இது எப்போதும் நிற்காத சத்தமாக இருந்தால் இவர்களை நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். தங்கையின் முகம் வந்தது. அதை நினைக்காமல் இருக்க மறுபடி வயர்களைத் தொட்டு எண்ணினேன்.

அலறல் ஒரு தடவை விக்கியது. மறுபடி தொடர்ந்தது. விக்கியது. நின்றது.

தண்ணீர் படகில் மோதும் ஓசை அப்போதுதான் காதில் விழுந்தது.  மறுபடி வருமோ என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. எண்ணெய் வயரை எடுத்து மாட்டினேன். பஸ்ஸர் உடனே கத்தியது. மாப்பிள்ளை திடுக்கிட்டு எழுந்தார்.

"இது எதுக்கு?"

"எண்ணெய்க்கு. இப்ப கத்தணும். இன்ஜின் பிடிச்சதும் நிக்கணும். நிக்கலைன்னா அந்த நிமிசமே அணைச்சுருங்க."

சாவியைத் திருப்பினார். இன்ஜின் இரண்டு தடவை இருமியது, பிடித்தது. பஸ்ஸர் நின்றது. டிரைவரண்ணன் பாயை இறக்கிவிட்டுப் பின்பக்கம் ஓடிக் கவிழ்ந்தார்.

"துப்புதுடா! துப்புது!"

மாப்பிள்ளை படகை மேற்கே திருப்பினார். எப்போதும் கொடுக்கிற வேகத்தைக் கொடுக்கவில்லை. எதிர்க்காற்றில் படகு அலை அலையாக ஏறி இறங்கிப் போயிற்று. நான் ஓரத்தில் கவிழ்ந்து வாந்தி எடுத்தேன். கிழக்கே தெரிந்த படகு சின்னதாகி மறைந்தது. டிரைவரண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. என் வாந்தியைப் பற்றியும், எங்கள் ஊர் முந்திரிக்கொட்டையைப் பற்றியும் ஏதோ சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பேசாம வாங்கண்ணே" என்றார் மாப்பிள்ளை. திரும்பிப் பார்க்கவில்லை. தலையை போர்டின் பக்கம் சாய்த்து வைத்திருந்தார். "அது கத்துனா காதுல விழணும்ல."

கரையின் கோடு தெரிகிற வரைக்கும் அவர் தலை அப்படியே சாய்ந்திருந்தது. நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.